அண்ணன் கல்லுக்கு ஒரு பலகை

பிப்ரவரி 9

பெருமதிப்பிற்குரிய வனச்சரக அலுவலர் அவர்களுக்கு, புங்கனேரி மரகதவல்லி பணிவன்புடன் வணக்கம் கூறி எழுதுவது. இம்மாதம் முதல் நாளன்றே தொடங்கியிருக்க வேண்டிய இப்பணிநாட்குறிப்பு இன்றுதான் தொடங்குகிறது. இத்தாமதத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். குறிப்பேட்டின் அட்டையில் 'பதிவாளர்' என்னும் சொல்லைப் பொன்னிறத்தில் பொறிக்கக் கொடுத்திருந்தேன். அச்சகத்தார் அதைப் 'பதிவளர்' என்று பொறித்துவிட்டனர். துணைக்கால் இல்லாத ஒரு பதவியை நான் ஏற்பதற்கில்லை. திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

பதிவின் முறைமை கருதி, தாங்கள் அறிந்தவற்றையும் முதலில் எழுதிவிடுகிறேன். கல்லுக்குட்டைக் காப்புக்காட்டில் ஒரு பழைய நடுகல் இருக்கிறது. அதனை வனத்துறை, தொல்லியல் துறை, பாறைக்கொட்டாய் மக்கள் ஆகிய மூன்று தரப்பும் கூட்டாகப் பாதுகாப்பதென்று முடிவாகியிருக்கிறது. காட்டுக்குள் சென்றுவர வனத்துறை அனுமதி தரும். கல்லைப் பேணும் முறையைத் தொல்லியல் துறை சொல்லித்தரும். புல் செதுக்கித் தீயைத் தடுப்பதும் காவலும் பாறைக்கொட்டாய் மக்களின் பங்கு. ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். இல்லையேல் லாரியில் ஏற்றி மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்படும். இடையில் நடப்பவற்றைப் பதிவுசெய்து தங்களிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு.

என்னைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மற்றவை யாவும் கிளை நூலகத்தின் கொடை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதும் கடை நடத்துகிறேன். என் மனுவில் ஓர் ஒற்றுப்பிழை கண்ட அதிகாரி இதுவரை இல்லை. வட்டெழுத்தையும் நூல் பார்த்தே கற்றேன். அக்கல்லில் உள்ள வரியைப் புகைப்படம் பார்த்து முதன்முதலில் வாசித்துச் சொன்னவள் நானே என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவுசெய்கிறேன்.

பிப்ரவரி 14

வனக்காப்பாளர் செல்வி ஷர்மிளாவுடன் கல்லைப் பார்வையிடச் சென்றேன். பாறைக்கொட்டாயிலிருந்து தீத்தடுப்புக் காவலர் மாதம்மாள் வழிகாட்டினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் அரிவாள், தலையில் தண்ணீர்க் குடம். நான் என் புட்டியில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன்.

கல் இடுப்பளவு உயரம். வில்லேந்திய வீரன், மார்பில் இரண்டு அம்புகள், காலடியில் மாடுகள். மேலே மூன்று வரி எழுத்து. நடுவரி எண்ணெய்க் கசண்டிலும் கற்பூரப் புகையிலும் மறைந்துவிட்டது. எஞ்சியதை உரக்க வாசித்தேன். "தொறு மீட்டுப் பட்டான்." கவர்ந்து செல்லப்பட்ட மாட்டுமந்தையை மீட்டு, அப்போரில் மாண்டான் என்பது பொருள்.

"அத தாம்மா நாங்க மாட்டுக்கார அண்ணன்னு சொல்றோம்" என்றார் மாதம்மாள். "பரவால்ல. கல்லும் பொய் சொல்லல, நாங்களும் பொய் சொல்லல."

அவர்கள் அக்கல்லைத் தெய்வம் என்றுகூடச் சொல்வதில்லை. அண்ணன் என்றே சொல்கிறார்கள். பிறந்த குழந்தையின் பாதத்தைக் கல்லின் பாதத்தோடு ஒட்டி எடுக்கிறார்கள். மணமாகிப் போகும் பெண் அண்ணன் காலைத் தொட்டுவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்புவாள்.

எண்ணெயும் கற்பூரமும் கல்லை அரிக்கும் என்ற தொல்லியல் துறையின் குறிப்பை விளக்கினேன். மாதம்மாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டார்.

"எண்ணெ வேணாம்னா வுட்டுடறோம். பக்கத்துல ஒரு கல்ல நட்டு அதுக்கு ஊத்திக்கறோம். அண்ணன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டான். ஆனா கால தொடாம எப்பிடிம்மா கும்புடறது? தூரத்துல நின்னு டாட்டா காட்டறதா?"

ஈரக்கையால் தொடுவதில் தீங்கில்லை என்று துறையின் குறிப்பிலேயே உள்ளது. அதைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. இறங்கும்போது குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு எங்கள் இருவருக்கும் நீட்டினார். ஷர்மிளா வாங்கிக் குடித்தார். என்னிடம் புட்டி இருந்தது.

பிப்ரவரி 16

கடையின் மின்விசிறி பழுது. நெகிழிக் கோப்புறை ஒரு டஜன், காகிதக் குவளை இரண்டு கட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 20

அறிவிப்புப் பலகையின் வாசகத்தை யாக்கும் பணியைத் தாங்கள் என்னிடம் ஒப்படைத்தது என் வாழ்நாளின் பேறு. நான்கு நாள் சிந்தித்தேன். 'நடுகல்லில் எண்ணெய், வண்ணம், சுண்ணம் முதலியவற்றைப் பூசக் கூடாது' என்பது துறையின் குறிப்பு. பொருள் சரி, ஆனால் உயிரில்லை. அரசாணையின் நடை. காட்டின் நடுவே நிற்கும் பலகையில் ஓர் ஓசை இருக்க வேண்டாமா? இன்று காலை தேநீர் கொதிக்கும்போது அது தானே வந்தது:

*தீண்டாதீர்! தீட்டாதீர்!*
*தொன்மையைப் போற்றுவீர்!*

முதலடியில் மோனையும் இயைபும் ஒருங்கே அமைந்துவிட்டன. தீட்டுதல் என்றால் வண்ணம் பூசுதல். தீண்டுதல் என்றால் தொடுதல்.

பெயின்டர் ஜெயபால் தகரப் பலகையைக் கிடத்திக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்தார்.

"அக்கா, 'தொடாதீங்க'ன்னே போட்டுடலாமா?"

"தொடு என்பது அங்காடிச் சொல், ஜெயபால். தீண்டு என்பது செம்மையானது."

"அது சரிக்கா. படிக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது."

"எந்த மாதிரி?"

தூரிகையை டப்பாவில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார். "ஒண்ணுமில்ல. சொல்லுங்க, எழுதறேன்."

கீழே 'வனத்துறை – தொல்லியல் துறை' என்றும், வலது மூலையில் சிறிய எழுத்தில் 'வாசகம்: மரகதவல்லி' என்றும் எழுதச் சொன்னேன். பாறைக்கொட்டாய் என்னும் பெயருக்கு இடம் போதவில்லை.

பிப்ரவரி 24

பலகை நடப்பட்டது. இரண்டு மரக்கால்கள், நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. தூரத்திலிருந்தே தெரிகிறது. நான் எதிரே நின்று ஒருமுறை உரக்க வாசித்தேன்.

குழி தோண்டியவர்கள் பாறைக்கொட்டாய் ஆட்கள். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

"இது யாருக்கு எழுதனதும்மா?" என்று மாதம்மாள் கேட்டார்.

"பொதுமக்களுக்கு."

"பொதுமக்கள்னா?"

"எல்லாரும்தான்."

"ஓ" என்றார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு யாரும் பேசவில்லை. சொற்களின் அழகில் மயங்கியிருக்கக்கூடும் என்று அப்போது எண்ணினேன்.

மார்ச் 1

பாறைக்கொட்டாய் ஊர்த்தலைவர் முனிரத்தினத்தின் மகளுக்குத் திருமணம். முனிரத்தினம் ஆட்டோ ஓட்டுபவர். கல்லை ஊரைவிட்டுக் கொண்டுபோகக் கூடாதென்று முதல் மனுவை என் கடையில்தான் எழுதிக்கொண்டார். நேரில் வந்து பத்திரிகை வைத்திருந்தார். சென்றேன். உறையைக் கொடுத்தேன், வாழ்த்துப்பா ஒன்றும் வாசித்தளித்தேன். உணவுண்ண அழைத்தனர். வயிறு சரியில்லாமையால் உடனே புறப்பட்டுவிட்டேன்.

மார்ச் 2

ஷர்மிளா கூறிய செய்தி: நேற்று மாலை மணப்பெண் கல்லுக்கு வந்தாளாம். பலகையை வாசித்தாளாம். கல்லைத் தொடாமலே திரும்பிவிட்டாளாம். தந்தை எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம்.

அவள் கல்லூரியில் படித்தவள். அறிவிப்பை மதிக்கத் தெரிந்திருக்கிறது என்று ஷர்மிளாவிடம் கூறினேன். ஷர்மிளா என்னை வெகுநேரம் பார்த்தார்.

மார்ச் 5

தீத்தடுப்புக்காகக் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கும் முதல் நாள். பாறைக்கொட்டாயிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மார்ச் 7

இன்றும் வரவில்லை. ஷர்மிளாவும் நானும் மட்டும் சென்றோம். பலகையில், என் வாசகத்துக்குக் கீழே, யாரோ கரித்துண்டால் எழுதியிருந்தனர்:

*ஒரு பாவச்செயல்*
*ஒரு பெருங்குற்றம்*
*மனிதத்தன்மையற்ற செயல்*

அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியமைக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பது என் முதல் எண்ணம். எழுத்து பள்ளிப் பிள்ளையினுடையது. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை.

"மேடம், இது புரியுதா உங்களுக்கு?" என்று ஷர்மிளா கேட்டார்.

"பாடநூல்களின் முதல் பக்கத்தில் இருப்பது."

"எதப் பத்தி இருக்கும்?"

பலகையை மீண்டும் மேலிருந்து வாசித்தேன். அந்த மூன்று வரிகளுக்கும் முன்னால் பாடநூலில் வரும் சொல், பலகையில் என் முதலடியாக ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது. தீண்டாமை. அதன் பக்கத்தில், அதற்குத் துணையாக, தீட்டு.

"கல்லத் தொட்டா தீட்டுன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னு ஊரே பேசுது" என்றார் ஷர்மிளா. "எனக்கு அன்னைக்கே பட்டுச்சு. உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பெரிய தமிழ் தெரிஞ்சவங்க."

மார்ச் 8

அகராதியில் குற்றமில்லை. தீண்டு: தொடு, பற்று, படு. தென்றல் தீண்டியது என்று எழுதினால் எவரும் சினப்பதில்லை. தீட்டு: எழுது, வண்ணம் பூசு, கூராக்கு. வழக்கின் அழுக்கு சொல்லின் மேல் படிந்தால் அது சொல்லின் குற்றமாகாது.

மார்ச் 9

காலையில் இரண்டு மனு. ஒன்று பட்டா மாறுதல், ஒன்று முதியோர் ஓய்வூதியம். விசிறி மீண்டும் பழுது.

மார்ச் 12

அகராதியை எடுத்துக்கொண்டு பாறைக்கொட்டாய்க்குச் சென்றேன். இன்று நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

முனிரத்தினம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டனர். பத்துப் பன்னிரண்டு பேர் கூடினர். அடையாளத்தாள் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து விளக்கினேன். தீண்டு என்னும் சொல்லின் வரலாறு, அதன் தூய்மை, அதற்குப் பிற்காலத்தில் நேர்ந்த இழிவு, யாவற்றையும் கூறினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது தோன்றியது.

முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒண்ணு கேக்கறேங்க. கல்லத் தொடலாம்னு ஆபீசருங்க எழுதிக் குடுத்தாங்களா இல்லியா?" என்றார்.

"கொடுத்தார்கள்."

"ஈரக்கையால தொடலாம்னு மாதம்மாகிட்ட நீங்களே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்புறம் தொடாதீங்கன்னு ஏன் எழுதினீங்க?"

மோனைக்காக என்று கூறினேன். கூட்டத்தில் ஒருவர், "மோனைன்னா யாரு?" என்று கேட்டார். சிரித்தனர். முனிரத்தினம் சிரிக்கவில்லை.

"எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அழுதுக்கிட்டே இறங்கி வந்துச்சுங்க. 'இங்கயுமாப்பா?'ன்னு கேட்டுச்சு. அதுக்கு உங்க புஸ்தகத்துல அர்த்தம் பாருங்க."

அப்போது ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தம்ளர். ஆவி பறந்தது. நான் கைகூப்பி, "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றேன்.

மாதம்மாள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "வைக்காத, எடுத்துக்கினு போ பாப்பா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அவங்க குடிக்க மாட்டாங்க. பொதுவுல நல்லவங்கதான். மனுவுல ஒரு தப்பு இருக்காது. அவங்க கடையில புங்கனேரிக்காரங்களுக்கு சில்வர் தம்ளரு. நமக்குக் காயிதக் கப்பு. குடிச்சிட்டு நாமளே கசக்கிப் போட்டுடணும். சுத்தம் பாருங்க, சுத்தம்."

காகிதக் குவளை சுகாதாரமானது என்று கூற வந்தேன். அனைவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தனர். அகராதியை மூடினேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று முனிரத்தினம் கூறினார். "கல்ல மியூசியத்துக்கே எடுத்துக்கினு போங்க. அங்க கண்ணாடிக்குள்ள வெச்சா எல்லாருக்கும் ஒரே சட்டம். யாரும் தொட முடியாது."

மார்ச் 13

இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 16

மூன்றாம் தரப்பு விலகியதால் ஏப்ரல் இருபதாம் தேதி லாரி வருமெனத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் விலகியதாகக் கடிதத்தில் உள்ளது. விலக்கப்பட்டார்கள் என்பதே சரியான வினை. பதிவாளர் என்ற முறையில் அதனை இங்கு திருத்திவைக்கிறேன்.

மார்ச் 23

முற்பகல் ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தார். கல்லுக்குட்டையில் தீ.

அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து சென்றேன். ஓடை வரைதான் வண்டி போகும். பிறகு ஏற்றம். வழியில் என் கைப்பை அறுந்து விழுந்தது, தண்ணீர்ப் புட்டி பள்ளத்தில் உருண்டு போனது. நிற்க நேரமில்லை. சருகு வெடிக்கும் ஓசை முன்னாலேயே கேட்டது. கடும் வெயிலில் தீயின் நிறம் தெரியவில்லை. அதன் பின்னால் மரங்கள் நீரில் ஆடுவதுபோல் நெளிவது மட்டும் தெரிந்தது. தீச்சூட்டில் பழங்கல் பிளக்கும் என்று தொல்லியல் துறையின் குறிப்பில் படித்திருந்தேன். புல் செதுக்கப்படவில்லை என்பதும், அது ஏன் செதுக்கப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கல்லை நோக்கி ஏறிய அந்த நேரம் முழுவதும் என் வாய் 'தீண்டாதீர், தீட்டாதீர்' என்று தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நிறுத்த முயன்றேன், முடியவில்லை.

மேலே சென்று பார்த்தால் கல் வெட்டவெளியின் நடுவில் நின்றது. சுற்றிலும் மண் தெரியச் செதுக்கப்பட்டிருந்தது. இன்று செய்த வேலையன்று. வெட்டிய புல் காய்ந்து அப்பால் குவிக்கப்பட்டிருந்தது. யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், சில நாட்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். பாறைக்கொட்டாய் ஆட்கள் இருபது பேர் போலப் பச்சைத் தழையால் தீயை அடித்துக்கொண்டிருந்தனர். முனிரத்தினம் ஆட்டோச் சட்டையோடு நின்றார். ஷர்மிளா ஓடிப்போய் ஒரு கொம்பை ஒடித்தார். நானும் ஒடித்தேன். எனக்கு அடிக்கத் தெரியவில்லை. பொறியைக் கிளப்பிவிட்டேன். "தட்டாதீங்கம்மா, அமுக்குங்க, அமுக்குங்க!" என்று யாரோ கத்தினார்கள். அமுக்கினேன்.

தீ செதுக்கிய ஓரம் வரை வந்தது. அதற்கு மேல் தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே அடங்கியது. கல்லின் மேல் சாம்பல் மட்டும் பறந்து விழுந்திருந்தது.

அதன் பிறகுதான் பலகையைப் பார்த்தேன். செதுக்கிய வட்டம் பலகைக்கு அருகில் வந்ததும் உள்வாங்கி வளைந்து, அதை வெளியே விட்டுவிட்டுப் போயிருந்தது. அதைச் சுற்றி மட்டும் புல் ஆளுயரம் நின்றிருக்க வேண்டும். இப்போது அங்கே கரி இருந்தது. மரக்கால்கள் எரிந்து, தகரம் குப்புற விழுந்து, நீல வண்ணம் கொப்புளம் கொப்புளமாய் எழும்பியிருந்தது.

"பலகையைச் சுற்றியும் செதுக்கியிருக்கலாமே" என்றேன். ஏன் அவ்வாறு கூறினேன் என்று தெரியவில்லை.

மாதம்மாள் முகத்தை முந்தானையால் துடைத்தார். "தீண்டாதீர்னு எழுதியிருந்துச்சும்மா. அதான் நாங்க தீண்டல."

எல்லாரும் சிரித்தார்கள். களைத்துப்போனவர்களின் சிரிப்பு, நிற்காமல் வந்தது. ஷர்மிளாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாதம்மாள் குடத்திலிருந்து ஒரு தம்ளரில் மொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"உங்களுக்குத்தான் பாட்டில் இருக்குதே."

"வழியில் விழுந்துவிட்டது."

"அப்பிடியா" என்றார். அடுத்தவருக்குக் கொடுத்தார். அதற்கடுத்தவருக்கும் கொடுத்தார். பிறகு திரும்பி என் முன்னால் வந்து நின்றார். "வேணுமா வேணாமா? வாயத் தொறந்து கேளுங்க. மனு எழுதிக் குடுக்கணுமா?"

"தண்ணீர் வேண்டும்" என்றேன். புகையில் குரல் வரவில்லை. இரண்டாம் முறை கூறினேன்.

தம்ளரை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கீழே வைத்தார். "கைய ஏந்துங்க" என்றார்.

ஏந்தினேன். குடத்தை உயர்த்திப் பிடித்து, மேலிருந்து ஊற்றினார். குடம் என் கையில் படாதபடி, கவனமாக. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு நான் எப்படி ஊற்றுவேனோ அப்படியே. அதே உயரம். முனிரத்தினம், "போதும் வுடு மாதம்மா" என்றார். மாதம்மாள் விடவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை ஊற்றினார்.

அவ்வாறு ஊற்றப்படும் தண்ணீரில் பாதிதான் வாய்க்குப் போகிறது. மீதி முழங்கை வழியே இறங்கி இரவிக்கையை நனைக்கிறது. அதைக் குனிந்து குடிக்க வேண்டும். குடிக்கும்போது ஊற்றுபவரின் காலைத்தான் பார்க்க முடியும். இவை எனக்கு இதுவரை தெரியாது.

மார்ச் 25

காகிதக் குவளைகள் தீர்ந்துவிட்டன. விலை ஏறிவிட்டதால் மீண்டும் வாங்கவில்லை.

மார்ச் 26

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். விலை ஏறவில்லை. குவளைகள் தீரவும் இல்லை.

மார்ச் 30

மோனைக்காக எழுதினேன் என்று முனிரத்தினத்திடம் கூறியதைப் பற்றி ஒரு வாரமாக எண்ணிப்பார்க்கிறேன். அது பொய்யன்று. ஆயினும், தொடலாம் என்று என் வாயாலேயே கூறிய ஒன்றைத் தொடாதே என்று எழுதும்போது என் கை சற்றும் தயங்கவில்லை. வேறு யாருடைய சாமிக்கும் இவ்வாறு எழுதியிருப்பேனா? புங்கனேரி மாரியம்மனுக்கு எழுதியிருந்தால் இந்தச் சொல் என் நினைவுக்கே வந்திராது. மோனை கிடைக்கவில்லையே என்று விட்டிருப்பேன்.

ஜெயபாலுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. ஷர்மிளாவுக்கும். ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பலகையின் எதிரே நின்ற நொடியில் தெரிந்தது. அகராதி வைத்திருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

ஏப்ரல் 6

பாறைக்கொட்டாய்க்குச் சென்றேன். அகராதி எடுத்துச் செல்லவில்லை. பதிவாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி எடுத்துச் சென்றேன்.

முனிரத்தினம் அதை வாங்கிப் படித்தார். "'தகுதியின்மையை உணர்ந்து தலைகுனிந்து விடைபெறும்'... பாருங்க, இதுலயும் உங்க தமிழத்தான் காட்டறீங்க." மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வெலகிட்டா உங்களுக்கு ஈசி. வேற ஆளு யாரு வருவாங்களோ. நீங்களே இருங்க. நாங்க சொல்றத எழுதுங்க. நீங்க சொல்றத இல்ல."

"எழுதுகிறேன்."

"பொண்ணு மறுவீட்டுக்கு வந்திருக்குது. அதுதான் சொல்லுச்சு, கல்ல வுட்டுக் குடுத்துடாதப்பான்னு. மியூசியத்துக்குப் போனா இனி எந்தப் பொண்ணும் தொட முடியாதாம்." அவர் வீட்டுக்குள் பார்த்தார். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். வணங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வரும்வழியெல்லாம் சொற்களைக் கோத்து வந்திருந்தேன். அவள் முன்னால் அவை யாவும் மேடைப்பேச்சாகத் தெரிந்தன. "தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். பொது இடத்தில் நான் இப்படிப் பேசியதில்லை.

"சரி" என்றாள். அவ்வளவுதான். சரி என்றால் மன்னித்தேன் என்று பொருளில்லை. அதை அறிய அகராதி தேவைப்படவில்லை.

புதுப் பலகைக்கான வாசகத்தை அவர்கள் சொல்ல நான் எழுதினேன். மாதம்மாள் ஒரு வரி, முனிரத்தினம் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. நடுவில் சண்டை. "கும்புடுங்க"வா "கும்பிட்டுக்கோங்க"வா என்று ஒரு சண்டை. 'எண்ணெ' என்று மாதம்மாள் சொன்னதும் என் பேனா நின்றது.

"என்னாச்சும்மா?"

"ஒன்றுமில்லை" என்றேன். ஒற்றுப் போடவில்லை. சொன்னபடியே எழுதினேன்.

"அடியில உங்க பேரு வேணாம்" என்றார் முனிரத்தினம். "பாறைக்கொட்டாய்னு மட்டும் போடுங்க. எடம் போதும்."

இந்தப் பலகை நடப்பட்டால், அதன் எதிரிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாகக் கூறியுள்ளனர். பலகை முதலில், கையெழுத்து பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது என்பது அவர்களின் ஒரே நிபந்தனை.

இன்று யாரும் தேநீர் கொண்டுவரவில்லை. நான் குடிப்பேன் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு வாய் தேநீர் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்க நா எழவில்லை.

ஏப்ரல் 12

ஐயா, இக்குறிப்பேட்டை இன்று ஷர்மிளாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மார்ச் இறுதியில் வந்திருக்க வேண்டும். தனிப்பட்டவற்றை நீக்கிச் செம்மைப்படி ஒன்று எடுக்கத் தொடங்கினேன். நீக்கியபின் எஞ்சியதில் பலகை எரிந்ததற்குக் காரணம் காணப்படவில்லை. எனவே இருந்தபடியே அனுப்புகிறேன்.

புதிய வாசகம் வருமாறு:

*இவரு எங்க அண்ணன்.*
*கால்ல தண்ணி ஊத்தித் தொட்டுக் கும்புடுங்க.*
*எண்ணெ, கற்பூரம் பக்கத்துக் கல்லுக்கு.*
*கீறாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க.*
*யாரு வேணா வரலாம்.*
*– பாறைக்கொட்டாய்*

அரசுப் பலகைகள் எழுத்து நடையில் அமைய வேண்டும் என்னும் விதியை அறிவேன். அவ்விதியை மேற்கோள் காட்டிப் பிறரின் வாசகங்களைத் திருப்பியனுப்பக் கோரி நானே தங்களுக்கு இருமுறை மனு எழுதியிருக்கிறேன். இதில் நான் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. தாங்களும் திருத்த வேண்டாம். எண்ணெயில் 'ய்' இல்லை என்று அலுவலகத்தில் யாரேனும் கூறினால், அது பிழையன்று, அவர்கள் சொன்னது என்று கூறிவிடுங்கள்.

ஜெயபால் தகரமும் பெயின்ட்டும் வாங்கி வைத்துவிட்டார். தங்கள் ஒப்புதல் வந்த மறுநாள் பலகை நிற்கும். லாரி இருபதாம் தேதி வருகிறது.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.